பச்சை விளக்கை நம்பி ஏமாந்த கதை: பழைய சிங்க் பாக்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஆடியோ ரெக்கார்டிங் மென்பொருளை வெளி டைம்கோடோடு (படத்தின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேரம் சொல்லும் சிக்னல்) இணைக்க செகண்ட் ஹேண்டில் சிங்க் பாக்ஸ், அதாவது கருவிகளை ஒன்றோடொன்று ஒத்து ஓடவைக்கும் பெட்டி, தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் பாடம் படித்தேன்.

எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு. கேமராக்களோடு ஓடும் எஸ்எம்பிடிஇ டைம்கோடை (படத்துறையின் பொதுவான டைம்கோடு முறை) வாங்கி, மென்பொருளுக்குப் புரியும் எம்டிசியாக, அதாவது மிடி வழியாகப் போகும் டைம்கோடாக மாற்றித் தர வேண்டும். கூடவே என் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக் ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் கருவி) வேர்ட் க்ளாக்கும், அதாவது ஒலியை அளந்தெடுக்கும் வேகத்தைச் சொல்லும் துடிப்பும், தர வேண்டும். பழைய ஸ்டூடியோ சாமான்களை வாங்கி விற்கும் ஒருவர், "ரெண்டும் வரும், பின்னாடி பாருங்க" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பிஎன்சி என்ற வட்ட சாக்கெட்டுக்கு மேலே 'வேர்ட் க்ளாக் அவுட்' என்று அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கர். இரண்டு நிமிடம் டெமோவும் போட்டார். டைம்கோடு ஓடியது, மென்பொருளில் 'லாக்' என்று பச்சை எரிந்தது. நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து இன்டர்ஃபேஸை எக்ஸ்டெர்னல் க்ளாக்கில், அதாவது வெளியிலிருந்து வரும் க்ளாக்கைப் பின்பற்றும்படி, வைத்தால் லாக் ஆகவே இல்லை. போன் செய்தேன். "இன்டெர்னல்லயே வைங்க சார், மத்ததை சாஃப்ட்வேர் பாத்துக்கும்" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டைம்கோடு சொல்வது 'இப்போது எந்த இடம்' என்பதை. எந்த வேகத்தில் சாம்பிள் எடுப்பது (ஒலியை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளப்பதில் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்) என்பது க்ளாக்கின் வேலை. க்ளாக் இன்டெர்னலில் இருந்தால், பெரும்பாலான மென்பொருள்கள் டைம்கோடைப் பார்த்துச் சரியான இடத்தில் ரெக்கார்டிங்கைத் தொடங்கும், அதன் பிறகு இன்டர்ஃபேஸின் சொந்த க்ளாக் கிரிஸ்டல் போகிற போக்கில் போகும். பச்சை விளக்குக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. டைம்கோடு வந்துகொண்டிருந்தால் அது எரியும், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியை வைத்து 70 நிமிட மேடை நிகழ்ச்சி ஒன்றை 24 டிராக்கில் பதிவு செய்தேன். படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்காகத் தொடக்கத்தில் தட்டிய கைதட்டல் படத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. கடைசிப் பாட்டில் டிரம்மரின் குச்சி ஸ்னேரில் பட்டு மேலே எழும்பிய பிறகு சத்தம் வருகிறது. அளந்து பார்த்தால் 0.21 விநாடி. 25 ஃப்ரேம் கணக்கில் ஐந்து ஃப்ரேமுக்கு மேல். இரண்டு க்ளாக்குகளுக்கு நடுவே பத்து லட்சத்துக்கு வெறும் 50 பங்கு வித்தியாசம். இரண்டு நிமிட டெமோவில் அது 6 மில்லி விநாடி. யார் கண்ணுக்குத் தெரியும்?

மறுபடி போன். "ஃப்ரேம் ரேட் தப்பா வச்சிருப்பீங்க" என்றார். 30-க்குப் பதில் 29.97 என்று வைத்திருந்தால் 70 நிமிடத்தில் நாலு விநாடிக்கு மேல் தள்ளிப்போயிருக்கும், இது அந்தக் கணக்கே இல்லை என்றேன். சற்று மௌனம். அப்புறம், "அப்போ கேபிள்தான்" என்று சொல்லி 'ஸ்பெஷல் க்ளாக் கேபிள்' ஒன்றையும் என் தலையில் கட்டினார். உறையில் ஆர்ஜி-58 என்று அச்சடித்திருந்தது. அது 50 ஓம் கேபிள். வேர்ட் க்ளாக்குக்கு 75 ஓம் வேண்டும். இரண்டடி நீளத்துக்கு அதுவும் சமாளித்துவிடும் என்பது வேறு விஷயம். எப்படியும் லாக் ஆகவில்லை.

ஒருநாள் எரிச்சலில் அந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கீறினேன். உரிந்து வந்தது. அடியில், பெட்டியின் மேலேயே அச்சடித்த எழுத்து: 'வீடியோ ரெஃப் இன்'. அது வெளியே எதையும் அனுப்பும் சாக்கெட்டே இல்லை! உள்ளே வாங்குகிற சாக்கெட்டில் கேபிளைச் செருகிவிட்டு க்ளாக் வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிகழ்ச்சிப் பதிவை ஒருவழியாகக் காப்பாற்றினேன். விலகல் சீராகக் கூடிக்கொண்டே போயிருந்ததால், எல்லா டிராக்கையும் சேர்த்து 0.005 சதவீதம் வேகம் மாற்றியதும் கடைசிக் கைதட்டலும் உட்கார்ந்துவிட்டது. நடுவில் துண்டு துண்டாக நிறுத்தி எடுத்திருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இதே வேலை.

நீங்கள் வாங்கப்போகிறீர்கள் என்றால், மாடல் எண்ணைக் கேட்டு அதன் கையேட்டில் பின்பக்கப் படத்தை முதலில் பாருங்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை, வெட்கம்தான். டெமோவை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். இன்டர்ஃபேஸ் எக்ஸ்டெர்னல் க்ளாக்கில் இருக்கட்டும். எல்டிசியின் (டைம்கோடு ஒலி சிக்னலாக வரும் வடிவம்) 'கிர்ர்' சத்தத்தையே ஒரு டிராக்கில் ஆடியோவாகப் பதிவு செய்யுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 25 ஃப்ரேம் என்று வைத்தால், ஒரு மணி நேரம் கழித்து வரும் ஃப்ரேம் முதல் ஃப்ரேமிலிருந்து 17,28,00,000 சாம்பிள் தள்ளி விழ வேண்டும். எனக்கு 8,640 சாம்பிள் பிசகியது. விற்கிறவர் "அவ்வளவு நேரம் இல்லை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியதும், "பழைய சாமான், இருக்கிறபடிதான் விற்பது" என்று பதில் வந்தது. அதன் பிறகு போனை எடுப்பதில்லை. போன வாரம் அதே ஆள் இன்னொரு பெட்டியை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். படத்தில் பின்பக்கம் தெளிவாகவே தெரிகிறது. அதே இடத்தில், அதே வெள்ளை ஸ்டிக்கர்.