பழைய தோல் பை: முக்கிக் கழுவுவதா, துடைப்பதா? எண்ணெயா, கிரீமா?

செகண்ட் ஹேண்டில் ஒரு தோல் பை கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, “இதுக்கு என்ன எண்ணெய் தடவலாம்?” அதற்குப் பதில் தேடுமுன் பையைத் திருப்பி, அடியில் வெளியே தெரியாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் தோலின் மேல் நிறமிப் பூச்சு இருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் தோல் பைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், பூச்சே இல்லாத தோல், அல்லது மிக மெல்லிய பூச்சு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது. தோலை மென்மையாக்கத் தடவும் எண்ணெய், கிரீம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் கண்டிஷனர்; பூச்சு உள்ள தோலில் அதில் பெரும்பகுதி உள்ளே போவதே இல்லை. மேலே உட்கார்ந்து தூசியைப் பிடிக்கிறது. பூச்சில்லாத தோலில் தடவியதெல்லாம் உள்ளே போகிறது, திரும்ப வெளியே எடுக்க முடியாது.

மூன்றாவது ரகமும் உண்டு. மேல்தோல் படலமாக உரிந்து, அடியில் துணி நெசவு தெரியும். அது தோலே இல்லை. துணிமேல் பூசிய பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். அதற்குக் கிரீமும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. “கண்டிஷனர் போட்டா சரியாயிடும்” என்று விற்பவர் சொன்னால் அடுத்த பையைப் பார்க்கப் போய்விடலாம்.

முக்கிக் கழுவுவதா, ஈரத்துணியால் துடைப்பதா?

பழைய பை சேகரிப்பவர்களிடையே ஓயாத சண்டை இதுதான். முக்கிக் கழுவும் கட்சிக்குப் பெரும்பலம் கோச் நிறுவனத்தின் பழைய பைகள். 1941-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் சிறு பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. பேஸ்பால் கையுறை பழகப் பழக மென்மையாவதைப் பார்த்த அதன் உரிமையாளர் மைல்ஸ் கான், அதே குணமுள்ள தோலைப் பைக்குக் கொண்டுவந்தார். 1962-ல் வடிவமைப்பாளராக வந்த பானி காஷின், தன் காரின் மடக்குக் கூரையில் இருந்த திருகுக் கொண்டியைப் பைக்குப் பூட்டாக்கினார். அந்தக் காலப் பைகளில் பலவற்றுக்கு உள்ளே லைனிங் கிடையாது, அட்டை கிடையாது. கெட்டியான தோல், நல்ல தையல், பித்தளை, அவ்வளவுதான். தண்ணீரில் ஊறிக் கெட்டுப்போக அதில் பெரிதாக எதுவும் இல்லை. அதனால் வாளியில் வெதுவெதுப்பான நீர், நாலு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம், மென்மையான பிரஷ் என்று இறங்கிவிடுகிறார்கள்.

தண்ணீர் சில நிமிடத்தில் டிகாஷன் நிறத்துக்கு மாறும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். ஆனால் அந்த நிறத்தில் அழுக்கு எவ்வளவு, கரைந்து வந்த சாயம் எவ்வளவு என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பதனிடும்போது தோலுக்குள் ஏற்றிய கொழுப்பும் சேர்ந்து கொஞ்சம் வெளியேறுகிறது. அதனால்தான் முக்கிக் கழுவிய பை காய்ந்ததும் விறைத்துப்போய், உடனே கண்டிஷனர் கேட்கிறது. கழுவியதால் வந்த வறட்சியைக் கண்டிஷனர் தீர்த்ததும், “பார், என்ன மாற்றம்!” என்று மகிழ்ந்துபோகிறோம்.

என் கணக்கில் முக்குவதற்கு மூன்று நிபந்தனை. பைக்கு லைனிங் இருக்கக்கூடாது. இரண்டு நிறத் தோல் சேர்த்துத் தைத்திருக்கக்கூடாது. நாற்றம் துடைத்துப் போகாத அளவுக்குத் தோலுக்குள்ளேயே ஊறியிருக்க வேண்டும். சிகரெட் புகையும் பரண் வாடையும் ஏறிய பழைய கோச் பை என்றால் சரி, முக்கலாம். மற்ற பைகளுக்கெல்லாம் துடைப்பதுதான். லைனிங் உள்ள பையை நனைத்தால் உள்ளே இருக்கும் அட்டை ஊறி உப்பும், பசை விடும், லைனிங்கின் சாயம் தோலில் இறங்கும். எல்லாம் காய்ந்த பிறகுதான் கண்ணில் படும்.

காய வைப்பதிலும் கவனம் வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் நனைந்த நிலையில் கொதிநீரின் சூட்டையே தாங்கும். பதம் சரியா என்று பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பது அந்தத் தொழிலில் பழைய வழக்கம். ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரித் தாவரச் சரக்கில் பதனிட்ட தோல், நனைந்திருந்தால் 70, 80 டிகிரியிலேயே சுருண்டுவிடும். வெதுவெதுப்பான நீர் அந்தச் சூட்டை எட்டாது. ஆனால் அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் கிட்டப் பிடித்தால் எட்டிவிடும். எது எந்த ரகம் என்று தெரிய, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுப்பகுதி நீலம் கலந்த சாம்பலாக இருந்தால் பெரும்பாலும் குரோம், பழுப்பாக இருந்தால் தாவரப் பதனீடு. எதுவானாலும் உள்ளே துண்டைத் திணித்து, நிழலில், ஃபேன் காற்றில் காயட்டும். மொட்டைமாடி வெயில் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரே ஆகாத பையும் இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனமான லூயி விட்டானின், எழுத்துச் சின்னம் அச்சிட்ட மோனோகிராம் பைகளில் உடல் தோலே இல்லை, பூச்சுப் பூசிய கான்வாஸ்; தாராளமாகத் துடைக்கலாம். கைப்பிடியும் ஓரப் பட்டைகளும் மட்டும் பூச்சில்லாத தாவரப் பதனீட்டுத் தோல். வெயிலும் கையின் எண்ணெய்ப்பசையும் பட்டு அது மெல்ல மெல்லத் தேன் நிறமாகும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டம் போட்டுவிடும். ஒரே பைக்குள் இரண்டு வைத்தியம்.

எந்தச் சோப்பு?

தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது; அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். அளவு 3.5-லிருந்து 5-க்குள் இருக்கும். சாதாரணச் சோப்புக் கட்டி 9, 10, அதாவது காரம். குதிரைச் சேணத்துக்காக உண்டான சேடில் சோப்பும் காரம்தான். அழுக்கேறிய தடித்த சேணத்துக்கு அது பொருத்தம். மெல்லிய கைப்பைக்கு அடிக்கடி போட்டால் தோலை வறட்டிவிடும். தோலுக்கென்றே விற்கும் நடுநிலை கிளீனர்தான் என் தேர்வு. கிடைக்காவிட்டால் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டை ஒரு கிண்ணம் தண்ணீரில் கலந்து, துணியைப் பிழிந்துவிட்டு, நுரையால் மட்டும் துடைக்கலாம். பிறகு வெறும் ஈரத்துணியால் ஒரு முறை. பேக்கிங் சோடா, பற்பசை, நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றையும் பையின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பூச்சையே கரைத்து எடுத்துவிடும். பால்பாயின்ட் பேனாக் கறையை ஸ்பிரிட்டால் தேய்ப்பதும் இதே கதைதான்: கோடாக இருந்தது மேகமாகப் பரவும். அந்தக் கோட்டோடு வாழப் பழகிக்கொள்வது நல்லது.

கண்டிஷனர்: தேங்காய் எண்ணெயிலிருந்து லானோலின் வரை

நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. பையில் தடவியதும் பளபளவென்று கருப்பது உண்மைதான். அந்தக் கருமை பிறகு முழுவதும் திரும்பி வெளுப்பதில்லை. அப்புறம், சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். சென்னையில் மே மாதம் தெரியாது, ஏ.சி. அறை அலமாரியிலோ பெங்களூரு டிசம்பரிலோ தோலின் மடிப்பில் வெள்ளையாக எழும்பி நிற்கும். ஆலிவ் எண்ணெய் நாள்பட்டுக் கெட்டுப்போய்ச் சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெயோடு வினிகர் கலந்து பூசும் ‘வீட்டு வைத்தியம்’ இவற்றைவிட மோசம்: ஆளி எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும் ஜாதி. மரச்சாமான் வார்னிஷுக்கு அந்தக் குணம்தான் தேவை. மடங்கி நிமிர வேண்டிய தோலுக்கு அதுவே எமன்.

மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் நல்ல ஆழமாக இறங்கும். சேணம், பெல்ட், முரட்டு பூட்ஸ் எல்லாம் அதை ஏற்கும். கைப்பையில் அது நிறத்தை மாற்றும், உருவத்தையும் தொய்ய வைக்கும். மிங்க் என்ற கீரி மாதிரிப் பிராணியின் கொழுப்பிலிருந்து எடுக்கும் மிங்க் எண்ணெயும் ஏறக்குறைய அப்படியே. ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலினைத் தண்ணீரோடு கலந்து கிரீமாக்கிய கண்டிஷனர்கள்தான் பைகளுக்கு ஒத்துவருகின்றன. தண்ணீர் ஆவியாகிப் போகும், கொழுப்புக் கொஞ்சமாகவே தங்கும், அளவு கையில் இருக்கும். தேன்மெழுகு அதிகமுள்ள பசைகள் மேலே காவல் போடுமே தவிர, காய்ந்த தோலை மென்மையாக்காது.

இதெல்லாமே வேண்டாம் என்று சொல்லும் ஒரு தரப்பும் இருக்கிறது, அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. லானோலின், தேன்மெழுகு, சீடார் எண்ணெய் எல்லாம் சேர்ந்த கலவை ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயரிலேயே நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. பழைய புத்தகங்களின் தோல் அட்டைகளுக்குப் பூசினார்கள். இன்று அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் இத்தகைய பூச்சுகளைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். தோல் பிசுபிசுக்கிறது, கருக்கிறது, தூசி ஒட்டுகிறது. கிடைக்கும் பலனோ குறைவு என்பது அவர்கள் கண்டது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அட்டை ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடப்படுவதில்லை. தோளில் தொங்கும் பைக்குக் கொஞ்சம் கொழுப்புத் தேவைதான். ‘கொஞ்சம்’ என்றால் விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு. துணியில் எடுத்துப் பரப்பி, ஒரு இரவு விட்டு, மீதியைத் துடைத்து எடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். ஸ்வேட், நூபக் என்று மயிரிழை நிற்கும் தோலுக்கு அதுவும் கிடையாது. பிரஷும் பென்சில் அழிக்கும் ரப்பரும்தான்.

வெள்ளையாகப் பூத்தால்

மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் பைமேல் வெள்ளைப் படலம். பூஞ்சை என்று முடிவு கட்டி ஸ்பிரிட் பாட்டிலை எடுக்குமுன் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்துப் பாருங்கள். பூஞ்சை அப்படியே இருக்கும். படலம் உருகிக் காணாமல் போனால் அது தோலிலிருந்தே வெளியே எழும்பிய கொழுப்பு. போன வருடம் தாராளமாகத் தடவிய எண்ணெயின் கைவரிசையாகவும் இருக்கலாம். துணியால் துடைத்தால் போதும். நிஜப் பூஞ்சை என்றால் வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் பட்டும் படாமலும் துடைக்கலாம். அதுவும் பூச்சு உள்ள தோலில் மட்டும், முதலில் மறைவான இடத்தில் சோதித்துவிட்டு. பூச்சில்லாத தோலில் ஸ்பிரிட் பூஞ்சையோடு நிறத்தையும் எடுத்துக்கொண்டு போகும். பையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, காற்று புழங்கும் தட்டில் வைத்தால் இந்த வேலையே பெரும்பாலும் வராது.

பித்தளைக் கொக்கியைச் சுற்றிப் பச்சை நிறத்தில் மெழுகு மாதிரிப் பிசுக்கு ஒட்டியிருந்தால், அதுவும் எண்ணெயின் வேலைதான்: தோலில் இருக்கும் கொழுப்பும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து உண்டாவது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். பித்தளை என்றதும் புளியைத் தேடாதீர்கள். குத்துவிளக்குக்கு அது அருமை. இங்கே புளித்தண்ணீர் வழிந்து தோலில் கறையாகும்.

நிறம் போன இடத்துக்கு: பாலிஷ், சாயம், பெயின்ட்

மூலை நாலும் வெளுத்திருந்தால் எளிய வழி ஷூ பாலிஷ். ஒரு நாள் விசேஷத்துக்குப் போய்வர அது போதும். ஆனால் ஷூ உடம்பில் உரசுவதில்லை, பை உரசும். வெயிலில் நடந்தால் மெழுகு இளகி, இடுப்புப் பக்கம் புடவையில் பழுப்புத் தீற்றலாக ஒட்டும். பாலிஷ்தான் வேண்டுமென்றால் நிறமில்லாத நியூட்ரல் பாலிஷாக இருக்கட்டும்.

ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் தோலுக்குள் இறங்குவது. தண்ணீர் உறிஞ்சும் தோலில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கருக்கத்தான் முடியும், வெளிறச் செய்ய முடியாது. பூச்சு உள்ள பையில் அது திட்டுத் திட்டாக நிற்கும். அந்த ரகத்துக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் தோல் பெயின்ட்தான் சரி. முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துப் பழைய மெழுகை எடுக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதை நிரப்பும் ஃபில்லர் பசை போட்டு மெல்லிய உப்புத்தாளால் சமன் செய்ய வேண்டும். பிறகு ஸ்பாஞ்சால் தண்ணீர் மாதிரி மெல்லிய பூச்சாக நாலைந்து முறை, கடைசியில் நிறமில்லாத மேல்பூச்சு. கண்டிஷனர் தடவிய கையோடு பெயின்ட் அடித்தால் ஒட்டாது. இந்த வரிசை மாறிப்போய்த்தான் பாதிப் பைகள் வீணாகின்றன.

தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் வார், ஜிப், பிரிந்த தையல் எல்லாவற்றையும் நம்பிக் கொடுக்கலாம். அந்தத் தையல் கம்பெனித் தையலைவிடக் கெட்டியாக அமைவதும் உண்டு. நிறம் மாற்றும் வேலைக்கு மட்டும், என்ன பூசப்போகிறார் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வாங்கும்போதே இந்த விவரம் உதவும். மறுபடி பெயின்ட் அடித்த பையைத் ‘துளிகூடப் பழுதில்லை’ என்று விற்பவர்கள் உண்டு. தையல் நூலை நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். நூலின் மேல்பக்கம் தோலின் நிறத்திலும் அடிப்பக்கம் வேறு நிறத்திலும் இருந்தால், அல்லது ஊசித் துளைகள் பெயின்டால் அடைபட்டிருந்தால், அது பட்டறைக்குப் போய்வந்த பை. வாங்கக்கூடாது என்றில்லை, விலையை அதற்கேற்றபடி இறக்கிப் பேசுங்கள்.