பிக்கப்பின் பின்பக்கம் தொங்குகிறதா: கூடுதல் பட்டையா, ஏர் ஸ்பிரிங்கா?

பாரம் ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும் பிக்கப்பை ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஸ்டீரிங் காற்றில் மிதப்பது போல லேசாகிவிடும். பின் ஆக்சிலைத் தாண்டி விழும் எடை, முன் சக்கரங்களின் மேலிருக்கும் எடையைக் குறைத்துவிடுகிறது. ஹெட்லைட் வேறு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதனால் ஸ்டீரிங்கில் கை வைக்கும் முன் பின்பக்கத்தைக் கவனியுங்கள்.

பழைய வழி, லீஃப் ஸ்பிரிங் கட்டில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள்) ஒரு பட்டையைக் கூட்டுவது. செலவு குறைவு, காற்று இறங்கும் பேச்சே இல்லை. பாரமும் வழக்கம் போல ஸ்பிரிங்கின் இரு முனைகள் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகும். ஆனால் பட்டையைப் போட்டால் போட்டதுதான். காலியாக ஓடும்போது வண்டி குதிரை மாதிரி குதிக்கும். ஸ்பிரிங் கட்டைப் பிரித்தால், அதை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட்டை நம்பக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

ஏர் ஸ்பிரிங் என்பது சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உட்காரும் ரப்பர் பை. பாரம் இருந்தால் காற்றைக் கூட்டலாம், இறக்கியதும் குறைக்கலாம். பல கிட்களில் குறைந்தது 5, அதிகபட்சம் 100 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். முழுக்கக் காற்றிறக்கி ஓட்டினால் பை மடங்கிக் கிழிந்துவிடும். இடது, வலது பைகளுக்குத் தனித்தனிக் குழாய் வைப்பதே நல்லது. ஒரே குழாய் என்றால் வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு இன்னும் கூடும்.

இதில் பலர் யோசிக்காதது சேஸிஸை. பட்டை இரண்டு இடத்தில் தாங்குவதை, பை நடுவில் ஒரே இடத்தில் முட்டித் தாங்குகிறது. வால் பக்கம் கனமான டிரெய்லர், பையில் அளவுக்கு மீறிய காற்று, குண்டும் குழியுமான சாலை. மூன்றும் சேர்ந்தால் கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளைந்துபோகலாம். நான்கு கதவு பிக்கப்களில் சரக்குத் தொட்டியின் பெரும்பகுதி ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் ஆபத்து அதிகம். அப்புறம், எதைப் போட்டாலும் கம்பெனி சொன்ன எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது.

தினமும் ஒரே அளவு பாரம் என்றால் என் ஓட்டு பட்டைக்கு. வாரத்துக்கு ஒருநாள்தான் சுமை என்றால் ஏர் ஸ்பிரிங், அதுவும் அளவோடு.

முன்பக்கத்தைத் தூக்க ஆசைப்படுபவர்களுக்கு ஸ்பேசரா (இடையில் செருகும் துண்டு), முழு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுதி) மாற்றமா என்ற கேள்வி வரும். ஸ்பேசர் மலிவு. சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் ஸ்ட்ரட் நிற்பதால், அதன் தலையில் வைக்கும் 1 அங்குலத் துண்டு பல வண்டிகளில் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலமாகிவிடும். பழைய ஸ்பிரிங், பழைய ஷாக், உயரம் மட்டும் புதிது. உயரத்தோடு ஓட்டமும் மேம்பட வேண்டுமென்றால் முழு ஸ்ட்ரட்தான். இரண்டிலுமே 2 அங்குலத்துக்கு மேல் போனால் மேல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். இல்லாவிட்டால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) போதாமல், திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. எதைச் செய்தாலும் அலைன்மெண்ட் பார்க்காமல் சாலையில் இறங்காதீர்கள்.

இரு முன் சக்கரங்களையும் ஒரே திடமான ஆக்சில் இணைக்கும் பிக்கப், ஒரு குழியில் ஏறி இறங்கியதும் ஸ்டீரிங்கை வெடவெடவென்று உதறினால் பலரும் ஓடுவது ஸ்டீரிங் டேம்பருக்கு (ஸ்டீரிங் அசைவை அடக்கும் ஷாக்). அது உதறலை அமுக்கும், ஆனால் காரணத்தைத் தொடாது. டயர் பேலன்ஸ், டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் தண்டு) புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் என்று வரிசையாகப் பாருங்கள். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்டட்டும். இன்னொருவர் டிராக் பாரின் முனையில் விரல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் எங்கே என்று தெரிந்துவிடும்.