சரக்கும் பணமும் கையை விட்டுப் போகும் முன்னால் பார்க்க வேண்டிய தளங்கள்

‘வாழ்க்கையை மாற்றும் ஐம்பது வெப்சைட்டுகள்’ என்று வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அவ்வப்போது சுற்றி வரும். முக்கால்வாசி போட்டோவில் பின்னணியை அழிப்பது, ரெஸ்யூம் அலங்காரம் பண்ணுவது என்று ஐடி பசங்களுக்கானது. திருப்பூரில் பவர் டேபிளும் (பனியன் தைக்கிற யூனிட்) காங்கேயம் பக்கம் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிற ஆளுக்கு அதில் ஒன்றும் ஆகாது. நமக்குத் தெரிய வேண்டியது, சரக்கு வாங்குகிற பார்ட்டி நிஜமா, அச்சாரம் கொடுக்கப்போகிற காடு (விவசாய நிலம்) நிஜமா, வியாபாரி சொல்கிற ரேட்டு நிஜமா, இவ்வளவுதான். அதைச் சொல்லும் தளங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எதுவும் காசு கேட்காது. பார்க்க லட்சணமாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் கணக்கில் முதல் இடம் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கும் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’. ஆடிட்டர்கள் தினமும் பார்ப்பதுதான், ஆனால் பனியன் கம்பெனி வைத்திருக்கிற நிறையப் பேருக்கு லாகின் இல்லாமலே யாரும் இதைப் பார்க்கலாம் என்பது தெரியாது. டெல்லியிலிருந்து ஒரு பார்ட்டி போன் பண்ணி, சாம்பிள் பிடித்துவிட்டது, லாரியில் ஏற்றிவிடுங்கள், பணம் பத்து நாளில் வரும் என்கிறார் என்று வையுங்கள். அவருடைய பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண்ணை வாங்கிப் போட்டு, கேப்சாவை அடித்தால், சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வந்து நிற்கும். விசிட்டிங் கார்டில் ‘முப்பது வருட பாரம்பரியம்’ என்று இருக்கும், இங்கே பார்த்தால் பதிவு போன மாதம் ஆகியிருக்கும்.

எண்ணையே படிக்கப் பழகிவிட்டால் தளத்தைத் திறக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: நமக்கு 33, டெல்லிக்கு 07, மகாராஷ்டிராவுக்கு 27. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவதாக வரும் எழுத்தைக் கவனியுங்கள். பி என்றால் தனிநபர், எஃப் என்றால் பார்ட்னர்ஷிப், சி என்றால் கம்பெனி. லெட்டர்ஹெட்டில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுவிட்டு ஆறாவது எழுத்து பி என்று இருந்தால், முழுப் பணமும் வராமல் ஒரு பீஸ்கூட வண்டி ஏற வேண்டாம்.

கீழே ரிட்டன் தாக்கல் செய்த விவரத்தையும் திறந்து பார்க்கலாம். விற்பனை விவரம் சொல்கிற ஆர்1, வரி கட்டுகிற 3பி இரண்டும் எந்த மாதம் வரைக்கும் போட்டிருக்கிறார் என்று தேதியோடு இருக்கும். ஐந்து கோடிக்குள் டர்ன்ஓவர் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம் என்பதால் நடுவில் இரண்டு மாதம் காணவில்லை என்றதும் ஆளைத் தப்பாக நினைக்கக் கூடாது. அரை வருடம் ஒன்றுமே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். விற்கும்போது மட்டுமில்லை, வாங்கும்போதும் இதே வேலைதான். எலாஸ்டிக்காரரோ லேபிள்காரரோ ஆர்1 போடவில்லை என்றால் நாம் வாங்கிய பில்கள் வருகிற 2பி பட்டியலில் அந்த பில் வராது, வரி கட்டியும் அதை நம் வரியில் கழித்துக்கொள்கிற ஐடிசி எடுக்க முடியாது. சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் பில்லில் வரி போட்டு வாங்கவே கூடாது, அதுவும் இங்கே தெரிந்துவிடும். ஒன்று சொல்ல வேண்டும், ஒழுங்காக ரிட்டன் போடுகிறவர் நமக்கும் ஒழுங்காகப் பணம் தருவார் என்று எந்த போர்ட்டலும் சொல்லாது. அதற்குத் திருப்பூர் பனியன் மார்க்கெட்டான காதர்பேட்டையில் நாலு பேரைக் கேட்பதுதான் இன்னமும் வழி.

அடுத்தது நிலம். “பத்திரமெல்லாம் சுத்தமுங்க, வண்டி போற தடம் இருக்குதுங்க, நாளைக்கு அச்சாரம் குடுத்தாப் போதுமுங்க” என்று புரோக்கர் சொன்னால், அன்றைக்கு ராத்திரியே இரண்டு தளங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்து, மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் பட்டா வரும். பட்டாதாரர் பெயர்கள், புன்செய்யா நன்செய்யா, பரப்பு, தீர்வை எல்லாம் அதில் இருக்கும். பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில்தான் இருக்கும், புரோக்கர் பேசுவதெல்லாம் ஏக்கர், சென்ட். ஒரு ஏர்ஸ் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட், அதாவது 0 - 81.00 என்று இருந்தால் இரண்டு ஏக்கர். இரண்டே கால் ஏக்கருக்கு விலை பேசியிருந்தால் அந்தக் கால் ஏக்கர் எங்கே என்று உட்கார்ந்து பேசலாம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பெயர்களை விரல் விட்டு எண்ணுங்கள், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அத்தனை பேர்.

அங்கேயே புலப்படமும், அதாவது அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடமும், எடுக்கலாம். எனக்கு இந்தத் தளத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான். காட்டுக்குப் போகிற இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவில் போகிற வண்டித்தடம்) எல்லோருடைய வண்டியும் போகும், வரும். அது வண்டிப் பாதைப் புறம்போக்கா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெருந்தன்மையாக விட்டுவைத்திருக்கிற அவருடைய பட்டா நிலமா என்பது நேரில் நின்று பார்த்தால் தெரியாது. படத்தையும் பக்கத்து சர்வே எண்ணின் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். நம் பக்கத்தில் தடத்துக்காகப் பங்காளிகளே கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று பத்திரப்பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட். வில்லங்கம் போட்டுப் பார்ப்பது இலவசம், 1975 முதல் உள்ள பதிவுகளைத் தேடலாம். சரியான சார்பதிவாளர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் தலைவலி, ஏனென்றால் பதிவு மாவட்டம் வேறு, வருவாய் மாவட்டம் வேறு. காங்கேயம், தாராபுரம் எல்லாம் 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரைக்கும் ஈரோட்டில் இருந்தவை, பழைய பத்திரங்களில் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில், வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்ட பாகம், நடந்துகொண்டிருக்கிற கேஸ், இதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. ஆகவே வக்கீல் பீஸை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வக்கீலிடம் போக லாயக்கில்லாத நிலத்தை முன்கூட்டியே கழித்துவிடலாம், அவ்வளவுதான்.

ரேட்டு விஷயத்தில் எனக்கு அரை மனதுதான். மத்திய அரசின் விலைத் தளமான அக்மார்க்நெட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு போன விலை என்று குவிண்டாலுக்கு மூன்று எண் இருக்கும். வியாபாரி வாயில் வருவது எப்போதும் முதல் எண், பக்கத்துக் காட்டுக்காரர் பெருமையடிப்பது இரண்டாவது, நாம் பார்க்க வேண்டியது மூன்றாவது. போக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நல்லது. ஆனால் மஞ்சளில் விரலிக்கும் கிழங்குக்கும் ஒரே விலை இல்லை, கொப்பரையில் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறும், நம் மூட்டைக்கு என்ன கிடைக்கும் என்பது ஏலத்தில்தான் தெரியும். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற மச்சானுக்கு முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசியின் தளம்தான் காலண்டர், நூறு முட்டைக்கு எவ்வளவு என்று நாள்வாரியாக மண்டலம் மண்டலமாகப் போட்டிருப்பார்கள். அதிலும் ‘மைனஸ்’, அதாவது அந்த விலையில் வியாபாரி குறைத்து எடுப்பது, எவ்வளவு என்பது தளத்தில் வராது, போனில்தான் வரும்.

தென்னைக்கு, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் போர்ட்டல். தமிழிலேயே இருக்கிறது. பக்கங்கள் பழைய மாடல், தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும், ஆனால் பூச்சிகளின் படங்களுக்காகவே வைத்துக்கொள்ளலாம். 2016 வாக்கில் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ நம் தோப்புகளுக்கும் வந்து, கீழ் மட்டையெல்லாம் கரி பூசினாற்போல் ஆனபோது மருந்துக்கடையில் ஆளுக்கொரு டப்பாவை நீட்டினார்கள். பல்கலைக்கழகம் சொல்வது நேர் எதிர்: விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடி, கண்டபடி மருந்தடித்தால் அந்த ஈயை அழிக்கிற என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துவிடும். கடைக்குப் போகும் முன்னால் இதைப் படித்துவிடுவது பர்ஸுக்கு நல்லது.

வேலைக்கு வரும் வடக்கத்திப் பசங்களுக்காக ‘வேர் இஸ் மை ட்ரெயின்’. தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் திருப்பூரில் எத்தனை மணிக்கு இறங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ரயிலில் இருக்கிற பையன் போனில் நெட் இல்லாவிட்டாலும் செல்போன் டவரை வைத்தே எந்த ஊர் தாண்டினான் என்று இந்த ஆப் அவனுக்குக் காட்டிவிடும், அவன் ஒரு போன் போட்டால் போதும். பேசுவதற்கு கூகுள் டிரான்ஸ்லேட், அதில் 2020 முதல் ஒடியாவும் இருக்கிறது. சம்பளம், லீவு, சாப்பாடு வரைக்கும் சமாளிக்கும். தையல் வேலையைச் சொல்ல அது வேண்டாம், பீஸைக் கையில் எடுத்துக் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் ஆதாரும் பானும் வைத்து வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம், ஒரு பேப்பரும் அப்லோடு பண்ண வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால் விளம்பரமாக மேலே வருகிற சில தளங்கள் அசோகச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் என்று பீஸ் கேட்கும். விலாசம் ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். ஏற்கனவே எங்காவது பணம் கட்டியிருந்தால், சர்டிபிகேட்டில் இருக்கிற எண்ணை ஒரிஜினல் தளத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பாங்க் லோனுக்குப் போகும்போது அங்கே முதலில் பார்ப்பது அதைத்தான்.