கண்ணைப் பார்க்காமல், ஸ்கேன் தாளை மட்டும் பார்த்து எனக்கு கிளாகோமா என்றார்கள்

மைனஸ் 8 பவர் கண்ணாடி போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் அவர்களும்.

கண்ணாடி மாற்றத்தான் போனேன். "எதுக்கும் ஒரு ஓசிடி எடுத்துடலாம்" என்றார்கள். கண்ணின் உள் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஸ்கேன் அது. தாடையை வைத்து, உள்ளே தெரிந்த புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சீக்கிரமே முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் பார்வை நரம்பைச் சுற்றி வரைந்திருந்த வட்டத்தில், இரண்டு கண்ணிலும் மேலேயும் கீழேயும் சிவப்பு. மருத்துவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிளாகோமா. ஆயுசு முழுக்க சொட்டு மருந்து போடணும்" என்று டிமோலால் எழுதிக் கொடுத்தார். கிளாகோமா என்பது பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதப்படுத்தும் நோய். கண்பாப்பாவை விரித்து நரம்பைப் பார்க்கவில்லை. பார்வை எவ்வளவு பரப்புக்குத் தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுக்கவில்லை. ஆஸ்துமா இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கண்ணின் ஓரத்திலிருந்து மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. டிமோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது, ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாதது. ஐந்து மாதம் இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். கடைசியில் நுரையீரல் மருத்துவர்தான், "வேற என்ன மருந்து எடுக்கறீங்க? கண்ணுக்கு ஏதாவது?" என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் அன்றைக்கே அதை நிறுத்தச் சொல்லி, வேறொரு கண் மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா பழைய ரிப்போர்ட்டை வாங்கியதும் முதலில் விரல் வைத்த இடம் நிறம் இல்லை, மூலையில் பொடி எழுத்தில் இருந்த சிக்னல் அளவு. 10-க்கு 4. "இந்த மெஷின்ல 6-க்குக் கீழ வந்தா திரும்ப எடுக்கணும். கண் வறண்டிருந்தாலே சிக்னல் குறையும், நரம்பு இருக்கறதைவிட மெலிசா காட்டும்" என்றார். செயற்கைக் கண்ணீர் விட்டு, இமைக்கச் சொல்லி மறுபடி எடுத்தார்கள். 8 வந்தது. சிவப்பு குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை.

மிச்ச சிவப்புக்குக் காரணம் என் கண்ணின் அமைப்பு. மெஷின் நோயைப் பார்ப்பதில்லை, நரம்பிழைப் படலம் எத்தனை மைக்ரான் தடிமன் என்றுதான் அளக்கிறது. அதைத் தன்னிடம் உள்ள ஆரோக்கியமானவர்களின் அளவுகளோடு, வயதுக்கு ஏற்றபடி ஒப்பிடுகிறது. மிக மெலிந்த 1 சதவீதத்துக்குள் விழுந்தால் சிவப்பு. அந்தத் தொகுப்பில் என்னைப் போல அதிக மைனஸ் பவர்காரர்கள் மிகக் குறைவு. எங்கள் கண் நீளமானது. நரம்பு சாய்ந்து நுழையும், இழைக்கற்றைகள் காதுப் பக்கமாகத் தள்ளிப் போயிருக்கும். மெஷின் எதிர்பார்க்கும் இடத்தில் மெலிவாகவும், பக்கவாட்டில் தடிமனாகவும் தெரியும். நோய் இல்லாமலே இப்படிச் சிவப்பு காட்டுவதற்கு மருத்துவர்களிடையே 'சிவப்பு நோய்' என்றே ஒரு பெயர் இருக்கிறதாம். ரிப்போர்ட்டில் உங்கள் பிறந்த தேதியையும் கவனியுங்கள், அதைத் தப்பாக அடித்தாலும் ஒப்பீடு மாறிவிடும்.

அப்புறம்தான் முறையான சோதனைகள் நடந்தன. கண்ணை மரக்க வைத்து, நீல வெளிச்சத்தில் அழுத்தம் பார்த்தார்கள். மருந்தின் தாக்கம் போவதற்காகச் சில வாரம் விட்டு மறுபடி பார்த்தபோது 16, இயல்பான அளவுதான். கருவிழியின் தடிமன் சரி. லென்ஸ் வைத்துப் பார்த்ததில், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிகிற கோணம் திறந்திருந்தது. ஃபீல்டு டெஸ்ட் இரண்டு முறை எடுத்தும் குறை எதுவும் இல்லை.

ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்வை குறைவது தெரிவதற்கு முன்பே நரம்பு மெலிவதை அது காட்டிவிடும். போன பார்வை திரும்பாத நோய் இது. அதிக மைனஸ் பவர் இருந்தால் கிளாகோமா வரும் வாய்ப்பும் கூடுதல் என்று அந்த அம்மாவே சொன்னார். எல்லாம் பச்சையாக வந்தும் நோய் இருப்பவர்கள் உண்டு, அதனால் பச்சையைப் பார்த்தும் கிளம்பிவிடாதீர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தானாகச் சொட்டு மருந்தை நிறுத்தவும் வேண்டாம். ஃபைலை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போய், நரம்பை நேரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சிக்னல் 8 வந்த அந்த ரிப்போர்ட்டுதான் இப்போது என் அடிப்படை அளவு. ஆறு மாதம் கழித்து அதே மெஷினில் எடுத்து, என் பழைய அளவோடு என்னையே ஒப்பிடப் போகிறார்கள்.