ஹெட்டி கிரீனும் சக் ஃபீனியும்: இரண்டு சிக்கனங்கள்

இருவரும் அமெரிக்கப் பெரும்பணக்காரர்கள், இருவருமே காசை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள். ஆனால் அந்தப் பழக்கம் இருவரையும் வெவ்வேறு மனிதர்களாக வார்த்தது.

ஹெட்டி கிரீன் (1834–1916) எப்போதும் அதே கறுப்பு ஆடையில் வலம் வந்தவர். நியூயார்க் வரிக்குத் தப்ப, பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் வாடகை வீட்டில் குடியிருந்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்றே பேர். மகனின் காலுக்கு இலவச வைத்தியம் தேடி அலைந்ததாகச் சொல்லும் கதையில் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியதும் உண்டு. முதலீட்டாளரான அவரை, நியூயார்க் பங்குச்சந்தைத் தெருவின் பெயரால் 'வால் ஸ்ட்ரீட் சூனியக்காரி' என்றார்கள்; ஆணாக இருந்தால் கெட்டிக்காரர் என்றிருப்பார்கள். சிக்கனம் அவருக்கு அசாத்திய நிதானத்தைத் தந்தது. 1907 நிதி நெருக்கடியில் மற்றவர்கள் பதறியபோது, நியூயார்க் மாநகரமே அவரிடம் 11 லட்சம் டாலர் கடன் வாங்கியது. கூடவே யாரையும் எளிதில் நம்பாத சுபாவமும் வளர்ந்தது.

சக் ஃபீனி (1931–2023) விமான நிலைய வரியில்லாக் கடைகளால் பணம் குவித்தவர். மலிவான காசியோ கைக்கடிகாரம், காகிதங்கள் திணித்த பிளாஸ்டிக் பை, சாதாரண வகுப்பு விமான டிக்கெட். 1984-இல் தன் தொழில் பங்கு முழுவதையும் ரகசியமாக அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். சுமார் 800 கோடி டாலரைக் கொடுத்து முடித்து, 2020-இல் அறக்கட்டளையையே மூடிவிட்டார்.

எனக்கு ஃபீனிதான் உசத்தி. ஆனால் சந்தை சரியும் நாளில் யோசனை கேட்க வேண்டுமென்றால் ஹெட்டியின் வாசலுக்குத்தான் போவேன்.