டீசல் விலைய வச்சு சம்பாதிக்கலாம்னு எவனாச்சும் வந்தா எந்திரிச்சு போயிருங்க, எனக்கு 84,000 போச்சு

கோபத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா விட்டுருங்க. 84,000 ரூவா. எவனும் பிக்பாக்கெட் அடிக்கல, நானே கையெழுத்து போட்டு குடுத்தது, அதான் இன்னும் வயிறு எரியுது.

குட்டியானை ஓட்டுறேன், மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுல இருந்து மேலூரு, திருமங்கலம்னு லோடு. காளவாசல் பக்கம் மாடில ஒரு கமாடிட்டி ட்ரேடிங் ஆபீஸ் (கச்சா எண்ணெய் மாதிரி சரக்கோட விலை ஏறுமா எறங்குமான்னு காண்ட்ராக்ட் வாங்கி விக்கிற எடம்), பேரு வேணாம், அங்க வேல பாக்குற தம்பி ஒருத்தன் டீக்கடைல பழக்கம். நான் டீசல் விலைய திட்டிக்கிட்டே டீ குடிக்கிறத பாத்துட்டு "அண்ணே, டீசல் ஏறுனா உங்களுக்கு நட்டந்தான, கச்சா எண்ணெய வாங்கிப் போடுங்க, பங்க்ல போறது இங்க வந்துரும்"னான். என் சட்டப்பையில இருந்த பங்க் பில்ல உருவி அதுக்குப் பின்னாடியே கணக்கு போட்டான், 100 பீப்பா, பீப்பாய்க்கு 150 ரூவா ஏறுனா 15,000. நான் அன்னைக்கே பணம் எடுத்துட்டு வரேன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா, "அவசரப்படாதீங்கண்ணே, வீட்டுல அண்ணிகிட்ட கேட்டுட்டு வாங்க". ஏமாத்துறவன் இப்படி சொல்லுவானான்னு நெனச்சேன் பாருங்க, அங்க விழுந்தவன்தான்.

டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் வச்சிருந்ததோட வீட்டுக்காரி செயின அடகு வச்சு மொத்தம் 84,000. அக்கவுண்ட் தொறக்கும்போது மெயில் ஐடி கூட அவிங்களே உருவாக்குனாய்ங்க, பாஸ்வேர்டும் அவிங்ககிட்டயே. பில்லு பின்னாடி கணக்கு 100 பீப்பாய்க்கு போட்டாலும், வாங்கும்போது மினி லாட்டு (லாட்டுன்னா ஒரு தடவ வாங்குற அளவு) 10 பீப்பாதான்னு சொல்லிட்டு 100 பீப்பா பெரிய லாட்டா போட்டிருக்காய்ங்க, அதுல பீப்பாய்க்கு ஒரு ரூவா எறங்குனா நமக்கு நூறு ரூவா காலி. மார்க்கெட்டு ராத்திரி 11.30 வரைக்கும் ஓடுது, நான் ஒட்டன்சத்திரத்துல தக்காளி ஏத்திக்கிட்டு நிக்கிறேன், அந்த ஒரே ராத்திரில 210 ரூவா எறங்கி 21,000 போச்சு. மறுநாள் கேட்டா "ஏறிரும்ணே". ஏறல. அது வாங்கி வீட்டுல வைக்கிற சாமானும் இல்ல, மாசாமாசம் காண்ட்ராக்ட் முடிஞ்சிரும், மறுபடி வாங்கு, மறுபடி வித்துரு, ஒவ்வொரு தடவையும் அவிங்களுக்கு புரோக்கரேஜ்னு கமிஷன். மிச்சம் இருக்குறது 312 ரூவா.

இதுல கொடுமை என்னன்னா, கச்சா எண்ணெய் எறங்கி என் பணம் போன அன்னைக்கும் பங்க் போர்டுல டீசல் அதே 92 சொச்சந்தான், பத்து பைசா கொறையல. அங்கயும் குடுத்தேன், இங்கயும் குடுத்தேன். ஸ்டாண்டுல ஒரு பெரியவர் சொன்னாரு, 2020 ஏப்ரல் 20 அன்னைக்கு அமெரிக்காவுல பீப்பா மைனஸ் 37.63 டாலருக்கு போச்சுப்பா, அதாவது விக்கிறவனே காசு குடுத்து தள்ளிவிட்டான், நம்ம நாட்டு சரக்குச் சந்தை எம்சிஎக்ஸ்லயே மைனஸ் 2,884 ரூவான்னு செட்டில் பண்ணாய்ங்க, அப்ப பங்க்ல டீசல் சும்மாவா ஊத்துனாய்ங்க, அடுத்த மாசமே கலால் வரிய லிட்டருக்கு 13 ரூவா ஏத்துனாய்ங்கன்னு. இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல அந்த மனுசன்!

ஆபீஸுக்கு நாலு தடவ போயிட்டேன். மொத தடவ சார் சாப்பிடப் போயிருக்காரு. ரெண்டாவது, "ரிஸ்க்குன்னு நீங்கதான சைன் பண்ணிருக்கீங்க". மூணாவது, இது வெறும் பிராஞ்சு, சென்னைல கேளுங்க. சென்னைக்கு அடிச்சா மதுரைல கேளுங்கங்குறாய்ங்க. நாலாவது தடவ அந்தத் தம்பியவே காணோம், வேற பிராஞ்சுக்கு போயிட்டானாம். எங்க வச்சிருக்கீங்க என் 84,000த்தன்னு கத்துனேன், வாட்ச்மேன கூப்பிட்டாய்ங்க.

என்னென்ன பாக்கணும்னு வெலாவாரியா எழுதணும்னுதான் ஒக்காந்தேன், சரி வெரசா சொல்லிர்றேன். பாஸ்வேர்டு, ஓடிபி எவன்கிட்டயும் குடுக்காதீங்க. மெயிலும் போன் நம்பரும் உங்களோடதா இருக்கணும். லாட்டு எத்தன பீப்பான்னு எழுதி வாங்குங்க, இல்ல வாங்கவே வாங்காதீங்க. நான் செபியோட (பங்கு, சரக்குச் சந்தைய கண்காணிக்கிற அரசு அமைப்பு) ஸ்கோர்ஸ்ங்குற புகார் வெப்சைட்ல கம்ப்ளைண்ட் போட்டிருக்கேன், பாப்போம். அந்த பங்க் பில்லு இன்னும் டேஷ்போர்டுலதான் கெடக்கு, வெயில்ல எழுத்தெல்லாம் வெளுத்துப்போச்சு, பின்னாடி அவன் பேனாவுல எழுதுன 15,000 மட்டும் பளிச்சுன்னு இருக்கு.

லோடு ஏத்த கூப்பிடுறாய்ங்க, வரேன்.