கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப்பா, கஞ்சிப் பசையா?

நூலகத்தில் ஒரு பக்கம் கிழிந்தால் கை முதலில் போவது செல்லோடேப்புக்குத்தான். அரை நிமிட வேலை, ஒட்டிய அன்றைக்குக் கிழிசலே தெரியாது. சில வருஷம் கழித்துத் திறந்து பாருங்கள், பிளாஸ்டிக் காய்ந்து தனியாக உதிர்ந்திருக்கும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நிற்கும், எதிர்ப் பக்கத்திலும் கறை ஏறியிருக்கும்.

இதற்கு நேர் எதிர் ஜப்பான் டிஷ்யூவும் கோதுமை ஸ்டார்ச் பசையும். கோசோ என்ற மல்பெரி வகைச் செடியின் பட்டை நாரில் செய்த மெல்லிய தாள் அது. கத்தரியால் வெட்டக் கூடாது. ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக் கையால் பிய்த்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த நார்தான் பழைய தாளைப் பிடித்துக்கொள்கிறது. பசை மோர் பதத்தில் இருக்கட்டும், கூடினால் தாள் சுருங்கும். அப்புறம் மேலே ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர், அதன் மேல் கனம், ராத்திரி முழுக்க. பொறுமை வேண்டும், ஆனால் நாளைக்கே தப்பு தெரிந்தால் ஈரம் காட்டிக் கழற்றிவிடலாம். எனக்கு இந்த ஒன்றே போதும்.

நம்மூர் பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். பூச்சி வராது, சரி. ஆனால் தாமிரம் தாளின் சிதைவை வேகப்படுத்தும், அதனால் அரிய நூலின் பக்கம் அருகே அதைக் கொண்டுபோக வேண்டாம். ஃபெவிகால் வகைப் பசை காய்ந்தபின் லேசில் இளகாது; தினமும் இரவல் போய் வருகிற நாவலின் முதுகுக்குத் தாராளமாகப் போடலாம், கிழிந்தால் வேறு பிரதி வாங்கிக்கொள்ளலாம்.

லேமினேஷன்? 1930களில் அமெரிக்காவில் ஆவணங்களைச் செப்பனிடும் வில்லியம் பாரோ செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலத்தைத் தாள் மேல் சூட்டில் அழுத்தி ஒட்டினார். மெஷின் இல்லாமல், அந்தப் படலத்தை இளக்கும் அசிட்டோன் என்ற திரவத்தைத் தொட்டுக் கையாலேயே ஒட்டும் முறையை டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் கொண்டுவந்தது. அன்றைக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் தாளில் உள்ள அமிலத்தை எடுக்காமல் மூடினால் அது உள்ளேயே அரிக்கும், அசிடேட்டும் நாளடைவில் சிதைந்து புளித்த வாடை அடிக்கும்.

பக்கத்தின் மூலையை லேசாக மடித்ததும் ஒடிகிறதா? மரக்கூழ்த் தாளில் வந்த பழைய பதிப்புகளில் இது சகஜம். அங்கே எந்தப் பசையும் வேண்டாம், ஒட்டின டிஷ்யூவின் ஓரத்திலேயே தாள் மறுபடி ஒடியும். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் புத்தகச் சேகரிப்பை வைத்து 1994இல் சென்னையில் தொடங்கிய நூலகம் மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் எடுப்பது) பக்கம் போனது இப்படிப்பட்ட தாள்களை நம்ப முடியாததால்தான். படம் எடுத்துவிட்டு, மூலத்தை அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டில் வையுங்கள். வாசகருக்குப் பிரதியைக் கொடுத்தால் போதும்.